பதினாறு வயதுக்குப் பிறகு

ஒரு பழைய விதி கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க கோல்ஃப் உலகில் நடைமுறையில் இருந்த விதி. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடக்கிற பையனுக்கு அங்கே கேடி என்று பெயர். பதினாறு வயதைக் கடந்த பிறகும் ஒரு பையன் கூலிக்குப் பை சுமந்தால் அவன் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுவான். பந்தை அடித்துக் காசு சம்பாதித்திருக்க வேண்டும் என்பதில்லை. தோள்பட்டையில் தோல்வார் அழுந்த, பனி காயாத புல்லில் ஆட்டக்காரருக்கு இரண்டடி பின்னால் நடந்திருந்தாலே போதும், அந்தக் கூலி அவனைத் தொழில்முறைக்காரன் ஆக்கிவிடும். அவனுக்கு இரண்டடி முன்னால் நடந்த வக்கீலோ வங்கி முதலாளியோ, ஒன்பதாம் குழிக்கும் பத்தாம் குழிக்கும் நடுவில் ஒரு வியாபாரத்தைப் பேசி முடித்து ஆதாயத்தோடு வீடு திரும்பினாலும் அமெச்சூர்தான். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இந்த விதியில் இருக்கும் அநியாயத்தைக் காண ஆட்டம் தெரிந்திருக்கவும் வேண்டாம், அது வெட்டவெளிச்சமாக இருக்கிறது. ஆனால் அநியாயம் மட்டும் என்றால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அந்த விதியின் வயிற்றிலிருந்தே ஒரு நல்ல காரியம் பிறந்துவிட்டது, அதுவும் சின்னக் காரியம் இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

சார்ல்ஸ் எவான்ஸ் என்று ஒருவர் இருந்தார். சிக் எவான்ஸ் என்றால்தான் கோல்ஃப்காரர்களுக்குத் தெரியும். 1890இல் இண்டியானாபொலிஸில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். எட்ஜ்வாட்டர் கோல்ஃப் கிளப்பில் சின்ன வயதிலேயே பை சுமக்கப் போனார், பதினாறு நெருங்கியதும் நிறுத்திக்கொண்டார். அப்பாவின் பெயரும் சார்ல்ஸ் எவான்ஸ்தான். அவர் நூலகர். 1639 தொடங்கி அமெரிக்காவில் அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் துண்டறிக்கையையும் ஆண்டு வரிசையில் பட்டியலிடுவது என்று தனியாளாக இறங்கி, 1903 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுக்கொண்டே போய், பன்னிரண்டு தொகுதிகளோடு வேலை முடியாமலே இறந்துபோனவர். ஏடு தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் வீடுகளில் எவ்வளவு பணம் இருந்திருக்குமோ அவ்வளவுதான் அந்த வீட்டிலும் இருந்திருக்கும். மகன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பணம் இல்லாமல் பாதியில் நின்றார். 1916இல் மினியாபொலிஸின் மினிகாடா கிளப்பில் நடந்த யு.எஸ். ஓப்பனை, பையில் ஏழே மட்டைகளை வைத்துக்கொண்டு, 286 அடிகளில் வென்றார். அந்தக் கணக்கை முறியடிக்க இருபது வருஷம் பிடித்தது. அதே ஆண்டு மெரியனில் யு.எஸ். அமெச்சூர் பட்டமும் அவருக்கே. இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றவர் அதற்கு முன் யாரும் கிடையாது. ஓப்பனில் அவரிடம் தோற்ற தொழில்முறைக்காரர்கள் பரிசுப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு போனார்கள். முதலிடம் பிடித்தவருக்குக் கோப்பை. பிழைப்புக்கு அவர் பின்னால் பால் வியாபாரத்துக்குப் போனார்.

வெற்றியோடு பணமும் வாசலுக்கு வந்தது. கோல்ஃப் ஆடுவது எப்படி என்று அவர் பேசிப் பதிவான கிராமஃபோன் தட்டுகளுக்கு ராயல்டி சேர்ந்தது. தொட்டால் அமெச்சூர் தகுதி போய்விடும். பதினாறு வயதில் பையை இறக்கி வைத்துக் காப்பாற்றிய தகுதி. பணம் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டது. என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வழி சொன்னவர் அம்மா லீனா. கேடிப் பையன்கள் கல்லூரிக்குப் போகட்டும், அதற்குக் கொடு என்றார். மகன் பணத்தை வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷனிடம் நிர்வகிக்கச் சொல்லிக் கேட்டார். 1930இல் முதல் இரண்டு கேடிகள், எவான்ஸ் பாதியில் விட்டு வந்த அதே நார்த்வெஸ்டர்னுக்குள் நுழைந்தார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் படிப்புச் செலவும் தங்கும் செலவும் முழுதாகத் தரப்படுகிறது. பல இடங்களில் எவான்ஸ் மாணவர்களுக்கென்றே சொந்த வீடுகள் இருக்கின்றன, எல்லோரும் ஒரே கூரையின் கீழ் சமைத்துச் சாப்பிட்டுப் படிக்கிறார்கள். இப்படிப் படித்து வெளியேறியவர்கள் 12,000 பேருக்கு மேல். வெஸ்டர்ன் ஓப்பன் என்று 1899இல் தொடங்கிய போட்டி 2007 முதல் பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் என்ற பெயரில் கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறைப் போட்டியாக நடக்கிறது, அதன் வரும்படி இந்த மாணவர்களுக்குப் போகிறது. விளையாட்டுச் சங்கங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட காரியத்துக்கு எத்தனை உதாரணம் காட்ட முடியும்? நம் ஊர் விளையாட்டுச் சங்கங்களின் தேர்தல் வழக்குகளைப் படித்துப் பழகியவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. 1930 என்ற ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. எவான்ஸுக்குப் பிறகு ஓப்பனையும் அமெச்சூரையும் ஒரே ஆண்டில் வென்ற பாபி ஜோன்ஸ், அந்த ஆண்டின் கடைசியில் போட்டி ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். போட்டவுடன் வார்னர் பிரதர்ஸுக்காக கோல்ஃப் பயிற்சிப் படங்களில் நடித்தார், பணம் வாங்கினார், இனி நான் அமெச்சூர் இல்லை என்று ஒப்புக்கொண்டார். எவான்ஸ் வேண்டாம் என்றதும் ஏறக்குறைய அதே மாதிரிப் பணம்தான். ஜோன்ஸ் வக்கீல், வசதியான குடும்பம். நான் பல தடவை இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். காசை வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு ஏன் காசு தேவைப்பட்டவர் தலையில் விழுந்தது?

இந்த இடத்தில் சங்கத்தின் பக்கம் நின்று பேசவும் ஒரு சம்பவம் இருக்கிறது. அமெரிக்க கோல்ஃபின் மேலிடம் என்பது 1894இல் ஐந்து கிளப்கள் சேர்ந்து தொடங்கிய யுஎஸ்ஜிஏ. அதற்கு ஐந்தாண்டு கழித்துச் சிகாகோ வட்டாரத்துக் கிளப்கள் வெஸ்டர்ன் சங்கத்தைத் தொடங்கின. பெயரிலேயே 'மேற்கு' இருக்கிறது, கிழக்குக்காரர்கள் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள் என்ற புகைச்சலும் கூடவே இருந்தது. ஃபிரான்சிஸ் விமெட் பாஸ்டன் பக்கத்துப் பையன், தோட்டக்காரரின் மகன், வீட்டுக்கு எதிர்த்தாற்போல் இருந்த கிளப்பில் கேடியாக இருந்தவன். 1913இல், இருபது வயதில், அதே கிளப்பில் நடந்த யு.எஸ். ஓப்பனில் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் தோற்கடித்தான். அவனுடைய பையைச் சுமந்த எடி லோவரிக்குப் பத்து வயது. 1916இல் விமெட் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பங்குதாரர் ஆனதைக் காரணம் காட்டி யுஎஸ்ஜிஏ அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தது. வெஸ்டர்ன் சங்கம் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. 1917இல் தன் அமெச்சூர் போட்டியில் அவரை ஆடவிட்டது. அவர் வென்றும் காட்டினார். அடுத்த ஆண்டு அவர் ராணுவத்தில் சேர்ந்ததும் மேலிடமும் தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. கடை வைத்தவன் கறைபட்டவன், துப்பாக்கி ஏந்தியவன் சுத்தமானவன். இதில் வெஸ்டர்ன் சங்கம் நியாயத்தின் பக்கம் நின்றதா, கிழக்குக்காரர்களைச் சீண்டக் கிடைத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டதா? இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. மண்டலச் சங்கம் என்ற ஒன்றால் ஆகக்கூடிய பெரிய உபயோகமே இதுதானோ என்னவோ. மேலிடத்துக்கு விதி என்றால் காகிதத்தில் எழுதியது. மண்டலத்தில் இருப்பவர்களுக்கோ அந்த விதி யார் தலையில் விழுகிறது என்று முகம் தெரியும். முகம் தெரிந்தால் விதி கொஞ்சம் வளைகிறது. வளைவது நீதியாகவும் இருக்கலாம், வேண்டியவருக்குச் செய்யும் சலுகையாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல வளைவை மட்டும் பார்த்தால் முடியாது.

சங்கங்கள் அளக்கவும் செய்கின்றன. அதே சிகாகோவில் 1914 முதல் இருக்கும் இன்னொரு மண்டலச் சங்கம், சிகாகோ டிஸ்ட்ரிக்ட் கோல்ஃப் அசோசியேஷன், உறுப்பினர்களின் ஹேண்டிகேப் கணக்கைக் கவனித்துக்கொள்கிறது. ஹேண்டிகேப் என்பது, யோசித்துப் பார்த்தால், மனிதர்கள் கண்டுபிடித்த மிகத் தாராளமான எண்களில் ஒன்று. நன்றாக ஆடுகிறவரும் சுமாராக ஆடுகிறவரும் மோதினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். அதனால் சுமாரானவருக்கு இத்தனை அடி தள்ளுபடி என்று கொடுத்து இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறார்கள். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை: கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரி. ஆட்டங்கள் வெவ்வேறு மைதானங்களில் நடக்கும் என்பதால் மைதானங்களையும் அளந்தாக வேண்டும். சங்கத்துத் தொண்டர்கள் அளவுக் கருவியோடு மைதானத்துக்கு வந்து, மணற்குழி எத்தனை அடி, தண்ணீர் எங்கே, புல் எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மனதில் இரண்டு கற்பனை மனிதர்கள் நடக்கிறார்கள். ஒருவர் முதல் அடியில் 250 கெஜம் அனுப்பக்கூடிய தேர்ந்த ஆட்டக்காரர், இன்னொருவர் 200 கெஜத்தில் மூச்சு வாங்குகிறவர். இந்தக் குட்டை அவர் தாண்டிவிடுவார், இவர் தாண்டமாட்டார் என்று குழி குழியாகக் கணக்குப் போட்டு, பலவீனமானவருக்கு இந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கொடுமை செய்கிறது என்பதற்கு 55 முதல் 155 வரை ஒரு எண் தருகிறார்கள். 113 என்றால் சராசரிக் கொடுமை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வந்தன. எளியவனுக்கு ஒரு பாதை எவ்வளவு கடினம் என்று கெஜக்கோலோடு போய் அளந்து பார்த்த நிர்வாகம் வேறு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடங்களையோ ரேஷன் கடைகளையோ ஆஸ்பத்திரிகளையோ இப்படி யாராவது அளந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் இந்த அளவெல்லாம் வாசலுக்கு உள்ளே வந்துவிட்டவர்களுக்கு இடையில்தான். வாசலில் ஒருவன் நின்றால், அவனுக்கு எத்தனை அடி தள்ளுபடி என்ற கணக்கு இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஹேண்டிகேப்புக்கான மதிப்பெண்ணை ஆட்டக்காரரே பதிவு செய்கிறார். புதருக்குள் போன பந்தை எத்தனை அடியில் எடுத்தேன் என்று அவர் சொன்னால் அதுதான் கணக்கு. கூட ஆடுகிறவர்கள் பார்க்கிறார்கள், கிளப்பில் கமிட்டி இருக்கிறது, இருந்தாலும் அடிப்படை நம்பிக்கைதான். கனவானின் வாக்கு. பல கிளப்களில் கேடிக்கும் மதிப்பெண் உண்டு. ஆட்டம் முடிந்ததும் அவனுடைய சீட்டில் ஆட்டக்காரர் குறிக்கிறார். பந்து போன திசையைச் சரியாகப் பார்த்தானா, மணற்குழியை ஒழுங்காக வாரினானா, பெயர்ந்த புல்கட்டியை எடுத்துப் பொருத்தினானா, ஒருவர் குனிந்து பந்தைக் குழிக்குள் தள்ளும்போது தன் நிழல் அந்தப் பாதையில் விழாமல் நின்றானா. அந்தச் சீட்டுகள் சேர்ந்துதான் பையனின் தரம் ஏறும், கூலி ஏறும், பிற்பாடு உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும். ஒரே நடை, ஒரே நாலு மணி நேரம், ஒரே வெயில். முன்னால் போகிறவரின் எண்ணை அவரே எழுதுகிறார், பின்னால் வருகிறவனின் எண்ணையும் அவரே எழுதுகிறார்.

கேடிகளுக்குள் பழைய சொலவடை ஒன்று உண்டு: நேரத்துக்கு வா, கூடவே வா, வாயைத் திறக்காதே. 1980இல் வந்த 'கேடிஷாக்' திரைப்படம் பெரும்பாலும் கூத்தடிக்கிற படம், பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி மைதானத்தைக் குடைந்துகொண்டிருப்பதுதான் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதன் நடுவில் ஓடுகிற கதை என்னவோ, உதவித்தொகைக்காக ஒரு கேடிப் பையன் கிளப்பின் நீதிபதி ஒருவரைக் குளிர்விக்கப் பாடுபடுவது. எழுதியவர்களில் ஒருவரான பிரையன் டாய்ல்-மர்ரேயும் அவர் தம்பி பில் மர்ரேயும் சிகாகோ புறநகரில் கேடிகளாக இருந்தவர்கள், அவர்களுடைய இன்னொரு சகோதரர் எவான்ஸ் உதவித்தொகையில் படித்தவர். கேலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இது போதும். உதவித்தொகைக்கு நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: கேடி வேலையில் நல்ல பேர், படிப்பு, பணத்தேவை, நன்னடத்தை. பணத்தேவையை நிரூபிப்பது என்றால் வீட்டு வருமானத்தை மேசைமேல் பரப்புவது. நன்னடத்தையை நிரூபிப்பது என்றால், பதினாலு வயதிலிருந்து, தன்னைவிடப் பல மடங்கு வசதியானவர்கள் கண் முன்னால் தவறாமல் நல்லவனாக இருப்பது. பதினாலு வயதில் யார் அப்படி இருக்க முடியும்? கிளப் உறுப்பினரின் மகன் அதே வயதில் ஒரு மட்டையைக் கோபத்தில் குட்டையில் வீசினால் அது வீட்டுச் சிரிப்பு. இதைச் சொல்லும்போதே மறுபக்கமும் தெரிகிறது. அந்தப் பையன் ஒரு பருவம் முழுக்க மருத்துவர்கள், நீதிபதிகள், கம்பெனி முதலாளிகள் பக்கத்தில் நடக்கிறான். அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், தோற்றால் என்ன செய்கிறார்கள், கடன் எப்படி வாங்குகிறார்கள் என்பதெல்லாம் காதில் விழுகிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையில் இலவசமாகக் கிடைப்பது இவனுக்குப் புல்வெளியில் கிடைக்கிறது. அண்மைக்காலத்தில் வெஸ்டர்ன் சங்கம் சிகாகோ நகரத்துப் பள்ளிகளிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துவந்து, கோடை விடுமுறையில் ஒன்றாகத் தங்கவைத்து, புறநகர்க் கிளப்களில் கேடி வேலைக்கு அனுப்புகிறது. பேட்டரி வண்டி வந்து பை சுமக்கும் வேலையை முக்கால்வாசி விழுங்கிவிட்ட காலத்தில், கேடிகள் வேண்டும் என்று கிளப்களிடம் வாதாடுவதும் சங்கத்தின் வேலையாகிவிட்டது. யோசித்தால் விசித்திரம். ஏழைப் பிள்ளைகள் மேலே வர வேண்டும் என்பதற்காகப் பணக்காரர்கள் பையைத் தாங்களே சுமக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது.

வாசல் எப்போதாவது திறந்ததா என்றால், திறந்தது, வெளியிலிருந்து தள்ளியபோது. வெஸ்டர்ன் ஓப்பன் 1974 முதல் 1990 வரை பட்லர் நேஷனல் கிளப்பில் நடந்தது. அப்போது அது ஆண்களுக்கு மட்டுமான கிளப். 1990இல் அலபாமாவின் ஷோல் கிரீக் கிளப்பில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்ற விவகாரம் வெடித்தபின், பாகுபாடு காட்டும் கிளப்களில் போட்டி நடத்துவதில்லை என்று தொழில்முறைச் சுற்றுப்போட்டிக்காரர்கள் முடிவெடுத்தார்கள். பட்லர் நேஷனல் தன் வழக்கத்தை விடவில்லை. போட்டி 1991இல் காக் ஹில் என்ற இடத்துக்கு மாறியது. அது யாரும் காசு கொடுத்து ஆடக்கூடிய பொது மைதானம். அதன் உரிமையாளர் ஜோ ஜெம்செக், சிறுவயதில் அதே மைதானத்தில் பை சுமந்தவர், வளர்ந்து 1951இல் அதை விலைக்கு வாங்கியவர். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு முடிச்சு வைத்தால் நம்பும்படியாக இல்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்புவார். சங்கம் தானாகவே அங்கே போயிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்கிறேன். கேடிகளின் படிப்புக்குப் பணம் திரட்டும் போட்டி, அந்தக் கேடிகளின் தாய்மார்கள் உறுப்பினராக முடியாத இடத்தில் பதினேழு ஆண்டு நடந்தது, அதற்காக அங்கே யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் வேறு கதை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார், அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறைக்காரர் அவர்தான். ராயல் கல்கத்தாவில் புல் பராமரிப்பவரின் மகன் சௌராசியா அதே பட்டத்தை 2016லும் 2017லும் வென்றார். கிளப்புக்குள் அமெச்சூராக ஆட வழியில்லாத பையன்கள் நேராகப் பணத்துக்கு ஆடப் போனார்கள், சிலர் ஜெயித்தார்கள், மீதிப்பேர் பை சுமந்துகொண்டே வயதானார்கள். யாரும் அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை, யாரிடமும் நன்னடத்தைச் சான்று கேட்கவும் இல்லை. எது மேல் என்று கேட்டால், மகனுக்குப் படிப்பு வேண்டும் என்று நினைக்கிற எந்தத் தகப்பனும் சிகாகோவைத்தான் சொல்வான். நானும் அதைத்தான் சொல்வேன், கொஞ்சம் எரிச்சலோடு.

2022இல் அமெச்சூர் விதிகளைத் திருத்தி எழுதினார்கள். இப்போது அமெச்சூர் ஆட்டக்காரர் விளம்பரப் பணம் வாங்கலாம், தன் பெயரை விற்கலாம். எதிரே நின்று சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கக் கூடாது என்பது இன்னும் இருக்கிறது, ஆனால் கற்கிறவன் திரும்பக் கேள்வி கேட்க முடியாதபடி எழுதியோ பதிவு செய்தோ வெளியிடும் பாடத்துக்குப் பணம் வாங்கத் தடையில்லை. கிராமஃபோன் தட்டு சாட்சாத் அந்த வகைதான். அதாவது இன்றைய சிக் எவான்ஸ் தன் ராயல்டியைத் தானே வைத்துக்கொள்ளலாம். நார்த்வெஸ்டர்னுக்குத் திரும்பிப் போய் மீதிப் படிப்பை முடிக்கலாம். அப்பாவின் அடுத்த தொகுதிக்கு அச்சுக்கூலி கொடுக்கலாம். அநியாயமான விதி போனது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விதி 1916இல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 12,000 பேரில் எத்தனை பேர் எங்கே இருந்திருப்பார்கள் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. எவான்ஸ் எப்படியும் கொடுத்திருப்பார் என்று அவருடைய பக்தர்கள் சொல்லலாம். கொடுத்திருக்கலாம். லீனா அம்மாளைப் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. புத்தகப் பட்டியல் போடும் கணவரை வைத்துக் குடும்பம் நடத்தியவர் அவர். மகன் பணத்தோடு வந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால், முதலில் கடைக்காரன் பாக்கியைத் தீர்த்துவிட்டு வா, மற்றதைப் பிறகு பேசலாம் என்றுதான் சொல்லியிருப்பார்.